குளூட்டாதயோனின் முதற்படி: ஓர் இருபெப்டைடும் உடலின் கட்டுப்பாடும்

1921ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் கவுலண்ட் ஹாப்கின்ஸ், ஈஸ்ட்டிலிருந்தும் தசையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் கந்தகம் கொண்ட ஒரு சிறு சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். அதற்குக் குளூட்டாதயோன் என்று பெயர் வைத்தார். குளூட்டமிக் அமிலமும் சிஸ்டீனும் சேர்ந்த இருபெப்டைடு அது என்பது அவருடைய முடிவு. பிரான்சில் ரே-பைலாத் 1888லேயே ஈஸ்ட்டில் இதைக் கண்டிருந்தார் என்றாலும், வேதி அமைப்பைப் பற்றிய விசாரணை ஹாப்கின்ஸிடமிருந்துதான் தொடங்கியது. 1927ல் ஹண்டர், ஈகிள்ஸ் என்ற இருவர் அவர் சொன்ன அமைப்பு கணக்கில் ஒத்துவரவில்லை என்று எழுதினார்கள். ஹாப்கின்ஸ் மீண்டும் ஆய்வகத்துக்குப் போய்ப் பொருளைப் படிகமாகப் பிரித்துப் பார்த்தார். 1929ல், கிளைசின் என்ற மூன்றாவது அமினோ அமிலமும் அதில் இருக்கிறது, ஆகவே அது முப்பெப்டைடு என்று அறிவித்தார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார். 1935ல் ஹாரிங்டனும் மீடும் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியதும் விவாதம் ஓய்ந்தது.

ஆனால் ஹாப்கின்ஸ் முதலில் விவரித்த இருபெப்டைடு இல்லாத பொருள் அல்ல. நம் செல்கள் அதைச் செய்கின்றன. செய்த கையோடு குளூட்டாதயோனாக மாற்றியும் விடுகின்றன. அதன் பெயர் காமா குளூட்டமைல்சிஸ்டீன். குளூட்டாதயோன் செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார் வரை நிறைந்திருக்கையில், இந்த இருபெப்டைடு மைக்ரோமோலார் அளவில்தான் தென்படும். நீண்ட காலம் உயிர்வேதியியல் பாடநூல்களில் ஓர் இடைநிலைப் பொருளாக மட்டும் இருந்த இது, சமீப ஆண்டுகளில் துணை உணவாகப் புட்டிகளில் அடைத்து விற்கப்படுகிறது. ஆகவே இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இதை வெளியிலிருந்து கொடுத்து உடலின் குளூட்டாதயோனை உயர்த்த முடியுமா? உயர்த்தினால் யாருக்கு நல்லது? முதல் கேள்விக்குச் சிறிய அளவில் சான்று இருக்கிறது. இரண்டாவதற்கு மனிதரிடம் சான்று இன்னும் கிடைக்கவில்லை. விளம்பரங்கள் முதல் விடையைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து விற்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

குளூட்டாதயோனின் வேலையை முதலில் பார்ப்போம். செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் பெறும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க பொருள்கள் ஓயாமல் உருவாகின்றன. அவற்றை வரம்புக்குள் வைக்க வேண்டும். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி, குளூட்டாதயோனின் சிஸ்டீனில் உள்ள கந்தகத்தைக் கொண்டு பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடுகிறது. அந்த வினையில் இரண்டு குளூட்டாதயோன் மூலக்கூறுகள் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அவற்றைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்ஏடிபிஎச் என்ற துணை மூலக்கூறு தேவை. சிவப்பணுவில் இதைத் தரும் வழி ஒன்றே ஒன்று. அதன் முதல் நொதி ஜி6பிடி. இந்த நொதி குறைந்தவர்களுக்கு மலேரியாவுக்கான பிரிமாகுயின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைவதன் காரணம் இதுதான்: அவர்களால் குளூட்டாதயோனைச் செய்ய முடிகிறது, செலவானதை மீட்க முடிவதில்லை. குளூட்டாதயோன் குறைவு என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பல வேறுபட்ட கோளாறுகள் இருக்கலாம் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. உற்பத்தி குறைவது ஒன்று, மீட்பு குறைவது வேறொன்று, செலவு கூடுவது இன்னொன்று. எது நடக்கிறது என்று தெரியாமல் மூலப்பொருளைக் கொட்டுவதில் பொருளில்லை.

இந்த இருபெப்டைடின் தனித்தன்மை அதன் பிணைப்பில் இருக்கிறது. புரதங்களில் ஓர் அமினோ அமிலத்தின் ஆல்ஃபா கார்பாக்சில் தொகுதிதான் அடுத்ததன் அமினோ தொகுதியோடு இணையும். இங்கே குளூட்டமிக் அமிலத்தின் பக்கச்சங்கிலியில் இருக்கும் காமா கார்பாக்சில், சிஸ்டீனைப் பிடித்திருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் சாதாரணப் பெப்டைடு உடைக்கும் நொதிகளால் இந்தப் பிணைப்பை வெட்ட முடியாது. குளூட்டாதயோன் செல்லுக்குள் சிதையாமல் தேங்கி நிற்பதற்கு இந்தப் பிணைப்பே காரணம். செல்லின் வெளிப்பரப்பில் இருக்கும் காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ் இதை வெட்டும். கல்லீரல் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஜிஜிடி என்று ஒரு வரி வருமே, அது இந்த நொதிதான்.

உற்பத்தி இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படியில் குளூட்டமேட்–சிஸ்டீன் லைகேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து இருபெப்டைடைச் செய்கிறது. இரண்டாம் படியில் குளூட்டாதயோன் சிந்தடேஸ் இன்னொரு ஏடிபியைச் செலவழித்துக் கிளைசினைச் சேர்க்கிறது. 1950களில் கொன்ராட் பிளாக்கின் குழு இந்தப் படிகளைப் பிரித்துக் காட்டியது. பின்பு கொலஸ்டிரால் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் இதே பிளாக்தான். 1960களின் இறுதியிலிருந்து நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆல்டன் மைஸ்டர் இந்தப் பாதையையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அவரும் ரிச்மனும் 1975ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு நம் கேள்விக்கு அடிப்படையானது: குளூட்டாதயோனே முதல் நொதியைத் தடுக்கிறது. தடை தொடங்கும் அளவு, செல்லில் வழக்கமாக இருக்கும் குளூட்டாதயோனின் அளவையே ஒட்டியிருக்கிறது. ஆகவே சாதாரண நாளிலும் அந்த நொதி ஓரளவு அடங்கித்தான் ஓடுகிறது. ஏரி நிரம்பியதும் வாய்க்கால் மதகை இறக்குவதைப் போன்ற ஏற்பாடு இது. நீர்மட்டம் தாழ்ந்தால் மதகு தானே உயரும்.

அந்த நொதி இரண்டு துணை அலகுகளால் ஆனது. பெரிய அலகு வினையை நடத்துகிறது. சிறிய அலகு பெரியதோடு சேர்ந்து அதன் திறனைக் கூட்டி, குளூட்டாதயோனின் தடையையும் தளர்த்துகிறது. பெரிய அலகின் மரபணுவை நீக்கிய எலிகள் கருவிலேயே இறக்கின்றன. சிறிய அலகு இல்லாத எலிகளோ மிகக் குறைந்த குளூட்டாதயோனோடு பிறந்து, வளர்ந்து, வாழ்கின்றன. நச்சுப்பொருள் ஏதாவது உள்ளே போனால்தான் அவற்றின் பலவீனம் வெளிப்படும். இந்த இரண்டு மரபணுக்களையும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் நெருக்கடி வேளையில் முடுக்கிவிடுகிறது. வயதான எலிகளின் கல்லீரலில் இந்த முடுக்கம் மங்குவதையும், முதல் நொதியும் குளூட்டாதயோனும் சேர்ந்து குறைவதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2004ல் காட்டினார்கள். முதுமைக்கு இந்த இருபெப்டைடைப் பரிந்துரைப்பவர்கள் நிற்பது இந்தத் தரவின் மேல்தான். தரவு நல்லது, ஆனால் அது எலியின் கல்லீரல்.

குளூட்டாதயோன் முதல் நொதியைத் தடுக்கும் இந்தக் கட்டுப்பாடு மனித உடலில் உடைந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் அரிய பிறவிக் குறைபாடு காட்டியது. 1970ல் நார்வேயில் ஓர் இளைஞரின் சிறுநீரில் பைரோகுளூட்டமிக் அமிலம், அதாவது 5-ஆக்சோபுரோலின், கிராம் கணக்கில் வெளியேறுவதை மருத்துவர்கள் கண்டார்கள். அவருடைய ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறியிருந்தது. 5-ஆக்சோபுரோலினைச் சிதைக்கும் நொதி இல்லையோ என்று முதலில் சந்தேகித்தார்கள். சோதித்தால் அந்த நொதி சரியாகவே இருந்தது. 1974ல் மைஸ்டரின் குழுவும் ஸ்வீடனின் லார்சனும் சேர்ந்து, இதே நோயுள்ளவர்களிடம் உண்மைக் காரணத்தைக் கண்டார்கள். இரண்டாம் படியின் நொதி, குளூட்டாதயோன் சிந்தடேஸ், பழுதாகியிருந்தது. அதனால் குளூட்டாதயோன் குறைகிறது. முதல் படியின் மேல் இருந்த தடை நீங்குகிறது. இருபெப்டைடு வரம்பில்லாமல் உற்பத்தியாகிறது. அது கிளைசினைச் சேர்த்துக்கொள்ள வழியில்லாமல், மற்றொரு நொதியால் 5-ஆக்சோபுரோலினாகவும் சிஸ்டீனாகவும் உடைகிறது. விடுபட்ட சிஸ்டீன் மறுபடி முதல் படிக்கே போகிறது. ஏடிபி வீணாகிக்கொண்டே, அமிலம் சேர்ந்துகொண்டே இருக்கும் சுழற்சி அது. இந்த நோயாளிகளுக்கு இன்றும் கொடுப்பவை அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட்டும், வைட்டமின் சி, ஈ ஆகியவையும்தான்.

இந்த அரிய நோயின் நிழல் சாதாரண வார்டுகளிலும் விழுகிறது. சத்துக் குறைந்த உடலோடு, வாரக்கணக்கில் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் சிலருக்குக் காரணம் தெரியாத அமிலத்தேக்கம் வருவதை மருத்துவ இதழ்கள் பல முறை பதிவு செய்திருக்கின்றன. அளவு மீறிய மாத்திரைகூட வேண்டியதில்லை. மருந்து குளூட்டாதயோனைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது, உணவிலிருந்து ஈடு செய்ய வழியில்லை, முதல் படியின் தடை தளர்கிறது, 5-ஆக்சோபுரோலின் சேர்கிறது. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டு ஒருவேளைச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் மூதாட்டிகள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று யோசித்தால், இந்தத் தகவல் சிறப்பு மருத்துவர்களோடு நின்றுவிடக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருபெப்டைடே குளூட்டாதயோனின் வேலையைச் செய்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. இதற்கு உயிரினங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விடை தருகின்றன. உப்பு மிகுந்த நீரில் வாழும் ஹாலோபாக்டீரியாக்கள், தூத்துக்குடி போன்ற கடலோர உப்பளங்களின் பாத்திகளைச் சிவக்க வைக்கும் நுண்ணுயிர் இனத்தவை, குளூட்டாதயோனைச் செய்வதே இல்லை. 1985ல் நியூட்டனும் ஜேவரும் பார்த்தபோது அவற்றில் முதன்மையாக இருந்தது காமா குளூட்டமைல்சிஸ்டீன். ஆக்சிஜனேற்றம் அடைந்த இருபெப்டைடை மீட்பதற்கென்றே தனி நொதியும் அவற்றிடம் உண்டு. சாதாரண நீரில் இந்த இருபெப்டைடு காற்றுப்பட்டதும் எளிதில் கெடும். அடர்ந்த உப்பில் கெடும் வேகம் தணிகிறது. அதனால் அந்தச் சூழலில் கிளைசினைச் சேர்த்துப் பாதுகாக்கத் தேவைப்படவில்லை. ஈஸ்ட்டில் இரண்டாம் நொதியை நீக்கினாலும் செல்கள் வளர்கின்றன, சேர்ந்துவிட்ட இருபெப்டைடு ஓரளவு ஈடுகொடுக்கிறது என்று சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 1997ல் எழுதியது. முதல் நொதியை நீக்கினால் ஈஸ்ட் குளூட்டாதயோன் ஊட்டாமல் வளராது. அரபிடாப்சிஸ் செடியில், இரண்டாம் நொதி இல்லாத விதைகள் முளைக்கின்றன, இருபெப்டைடு மிதமிஞ்சிச் சேர்கிறது, நாற்றுப் பருவத்திலேயே செடி மடிகிறது. முதல் நொதி இல்லாததோ கருவிலேயே நின்றுவிடுகிறது.

பாலூட்டிகளைப் பற்றி 2012ல் ஸ்பெயினின் சலமாங்காவிலிருந்து வந்த கட்டுரை முக்கியமானது. நரம்பு செல்களில் குளூட்டாதயோன் சிந்தடேஸை அடக்கி, இருபெப்டைடு சேரும்படி செய்தார்கள். அது குளூட்டாதயோன் பெராக்சிடேஸோடு சேர்ந்து பெராக்சைடை நேரடியாகவே அழித்தது. சிந்தடேஸ் குறைபாடுள்ளவர்கள் குளூட்டாதயோன் மிகக் குறைந்தும் உயிர்வாழ்வது எப்படி என்ற புதிருக்கு இது ஒரு பகுதி விடை. அவர்களுடைய தோல் செல்களில் இருபெப்டைடு கூடுதலாக இருப்பதும் தெரிந்ததே. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பொருளை வெறும் இடைநிலை என்று ஒதுக்குவது தவறு. ஆனால் குளூட்டாதயோனுக்கு முழு மாற்று என்று சொல்லவும் நாற்றிலேயே மடிந்த செடி இடம் தரவில்லை.

இனி மருந்துப் பக்கம். குளூட்டாதயோனை உயர்த்த மூன்று வழிகளை மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். குளூட்டாதயோனையே வாய்வழி கொடுப்பது முதலாவது. 1992ல் சுவிட்சர்லாந்தில் ஆரோக்கியமான ஏழு பேருக்கு ஒரே வேளையில் 3 கிராம் அளவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குடலும் கல்லீரலும் அதைப் பிரித்துவிடுகின்றன. 2011ல் நான்கு வாரம் தொடர்ந்து கொடுத்த சோதனையிலும் மாற்றம் இல்லை. 2015ல் பென்சில்வேனியாவில் ஆறு மாதம் கொடுத்தபோது அளவு ஏறியது. இந்த முரண் இன்னும் முற்றாகத் தீரவில்லை.

இரண்டாவது வழி, சிஸ்டீனைத் தருவது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து இதற்குச் சிறந்த சான்று. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலில் உருவாகும் நச்சுப்பொருள் குளூட்டாதயோனைத் தின்றுதீர்க்கிறது. தீர்ந்த பின் கல்லீரல் செல்களையே தாக்குகிறது. 1970களில் எடின்பரோவில் லாரி பிரஸ்காட் நரம்பு வழியாக இந்த மருந்தைக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். உரிய நேரத்தில் கொடுத்தால் இன்றும் அதுதான் முறிமருந்து. இது ஏன் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். குளூட்டாதயோன் தீர்ந்ததால் மதகு ஏற்கெனவே திறந்துவிட்டது, தட்டுப்பாடு சிஸ்டீனுக்குத்தான். மாறாக, குளூட்டாதயோன் போதுமான அளவில் இருக்கும் ஆரோக்கியமான ஒருவர் இதே மருந்தை விழுங்கினால் முதல் படியின் தடை அப்படியே இருக்கிறது. ஹூஸ்டனில் ராஜகோபால் சேகரின் குழு, முதியவர்களுக்குச் சிஸ்டீன் தரும் மருந்தோடு கிளைசினையும் சேர்த்துக் கொடுத்துக் குளூட்டாதயோன் உற்பத்தி இளையோரின் அளவுக்கு மீண்டதாக 2011லிருந்து எழுதிவருகிறது. பங்கேற்றோர் சிலரே. 2022ல் ஆரோக்கியமான முதியோரிடம் இரண்டு வாரம் நடந்த பெரிய சோதனையில் ரத்தக் குளூட்டாதயோன் பொதுவாக உயரவில்லை.

மூன்றாவதுதான் இந்த இருபெப்டைடு. தடைபட்டிருக்கும் முதல் நொதியை இது தாண்டிப்போகிறது. இரண்டாம் நொதிக்கு அந்தத் தடை இல்லை. 1983ல் ஆண்டர்சனும் மைஸ்டரும் எலிகளுக்கு இதைச் செலுத்தி, சிறுநீரக செல்கள் இதை உடைக்காமலே உள்ளே எடுத்துக் குளூட்டாதயோன் செய்வதைக் காட்டினார்கள். வெளிப்பரப்பில் இருக்கும் ஜிஜிடி இதை வெட்டிவிடக்கூடும் என்பதால், முழுதாக உள்ளே போகிறது என்பதே முக்கியமான செய்தி. மனிதர்களிடம் 2017ல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முன்னோட்டச் சோதனை ஒன்று நடந்தது. ஆரோக்கியமானவர்கள் 2 கிராம் அல்லது 4 கிராம் அளவில் இதை விழுங்கினார்கள். சில மணி நேரத்துக்குள் அவர்களின் லிம்ஃபோசைட் வெள்ளணுக்களில் குளூட்டாதயோன் இயல்பு மட்டத்தைத் தாண்டி ஏறி, பிறகு இறங்கியது. கொள்கையளவில் சொன்னது உடலிலும் நடக்கிறது என்று காட்டியதில் அந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. ஆனால் பங்கேற்றவர்கள் சிறு எண்ணிக்கை, காலம் சில மணி நேரம், பார்த்தது ஒரே வகை ரத்த செல். மூளையிலோ கல்லீரலிலோ என்ன நடந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. எந்த நோயும் அதில் அளக்கப்படவில்லை.

வே எனப்படும் மோர்நீர்ப் புரதப் பொடிகளின் விளம்பரங்களிலும் இந்த இருபெப்டைடின் பெயர் அடிபடுகிறது. சூடேற்றிச் சிதைக்காத மோர்நீர்ப் புரதம் விலங்குகளில் குளூட்டாதயோனைக் காத்ததாக மான்ட்ரியாலில் குஸ்தாவோ பவுனூஸ் 1980களிலும் அதன் பின்னும் எழுதினார். அதில் உள்ள குளூட்டமைல்சிஸ்டின் பகுதிகளே காரணம் என்றார். ஆனால் புரதத்துக்குள் இந்த இரண்டு அமினோ அமிலங்களும் அடுத்தடுத்து வந்தாலும் அவற்றை இணைப்பது ஆல்ஃபா பிணைப்பு. குடல் நொதிகள் அதை வழக்கம்போல வெட்டிவிடும். வே புரதம் தருவது சிஸ்டீன். நல்ல உணவு தருவதும் அதுதான். பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் அன்றாடம் தட்டில் இருப்பவருக்கு மூலப்பொருள் பஞ்சம் வருவது அரிது.

உயர்த்த முடியும் என்றே வைத்துக்கொள்வோம். உயர்த்துவது நல்லதா? ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளின் வரலாறு இங்கே கடுமையான பாடம் வைத்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994ல் வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 2014ல் ஸ்வீடனில், நுரையீரல் புற்றுநோய் தொடங்கிய எலிகளுக்கு அசிட்டைல்சிஸ்டீனோ வைட்டமின் ஈயோ கொடுத்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்தன. கட்டியின் செல்லுக்கும் பெராக்சைடிடமிருந்து பாதுகாப்பு தேவை. அதையும் சேர்த்தே நாம் ஊட்டிவிடுகிறோம். முதல் படியை முடக்கும் பியூத்தியோனின் சல்ஃபாக்சிமினை மைஸ்டரும் கிரிஃபித்தும் 1979ல் உருவாக்கினார்கள். புற்று செல்களின் குளூட்டாதயோனைக் குறைத்துக் கீமோதெரபிக்கு வழிவிட அதைப் பிறகு சோதித்தார்கள் என்பதும் இதன் மறுபக்கம்.

குவாஷியோர்கர் குழந்தைகளின் கதை இன்னும் வலிக்கிறது. வீங்கிய காலும் முகமுமாக வரும் அந்தச் சத்துக்குறைவு நோயில் குளூட்டாதயோன் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆக்சிஜனேற்றத் தாக்குதலே நோயின் வேர் என்று மைக்கேல் கோல்டன் 1980களில் வாதிட்டார். ஜமைக்காவில் இந்தக் குழந்தைகளிடம் குளூட்டாதயோன் உற்பத்தி மந்தமாக இருப்பதை அளந்தார்கள்; சிஸ்டீன் கொடுத்தால் உற்பத்தி சீக்கிரம் மீண்டது. சங்கிலி முழுமையாகிவிட்டது போலத்தான் இருந்தது. பிறகு மலாவியில் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அசிட்டைல்சிஸ்டீன், செலினியம், வைட்டமின் ஈ, ரைபோஃப்ளேவின் கலந்து கொடுத்து நோயைத் தடுக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். 2005ல் முடிவு வந்தது: தடுக்கவில்லை. ரத்தத்தில் ஓர் அளவு குறைந்திருப்பதும், அந்தக் குறைவே நோயைத் தருவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பார்க்கின்சன் நோயில் மூளையின் கருநிறப் பகுதியில் குளூட்டாதயோன் குறைவதை வைத்து இருபெப்டைடைப் பரிந்துரைப்பவர்கள் மலாவியின் முடிவைப் படிக்க வேண்டும்.

நம்மூரில் குளூட்டாதயோன் என்ற சொல் பலருக்கு அறிமுகமானது அழகு நிலையங்கள் வழியாகத்தான். நிறத்தை வெளுக்க வைக்கும் ஊசியாக அது ஏற்றப்படுகிறது. மெலனின் உண்டாக்கும் டைரோசினேஸை அது தடுக்கும் என்ற ஆய்வகத் தகவல் உண்மை. ஆனால் நரம்பில் ஏற்றுவது நிறத்துக்குப் பாதுகாப்பான வழி என்று காட்டிய தரமான சோதனை இல்லை. இதே வழக்கம் பரவிய பிலிப்பைன்சில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே, சிறுநீரகப் பாதிப்பும் உயிருக்கு ஆபத்தான தோல் எதிர்வினைகளும் உட்பட அபாயங்களைச் சொல்லி எச்சரித்தது. கறுப்பு ஒரு நோயல்ல. அதற்கு மருந்து தேடி ஒரு பெண் தன் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கும்படி செய்வது மருத்துவம் ஆகாது.

அப்படியானால் காமா குளூட்டமைல்சிஸ்டீனை யாரிடம் சோதிக்க வேண்டும்? பாதையின் அமைப்பே விடை சொல்கிறது. குளூட்டாதயோன் சிந்தடேஸ் பழுதானவர்களுக்கு இது உதவாது; அவர்களிடம் இது ஏற்கெனவே பெருகி அமிலமாகிக்கொண்டிருக்கிறது. ஜி6பிடி குறைந்தவர்களின் சிக்கல் மீட்பில் இருக்கிறது. சிஸ்டீன் மட்டும் குறைந்தவருக்கு மலிவான அசிட்டைல்சிஸ்டீனும் சாப்பாடும் போதும். எஞ்சுவது முதல் நொதியே தளர்ந்தவர்கள். அந்த நொதி பிறவியிலேயே பழுதான மிகச் சிலர் ரத்தசோகையோடு வாழ்கிறார்கள். அவர்களிடம் இதைச் சோதிப்பதற்குத் தெளிவான நியாயம் உண்டு. முதுமையிலும் நாள்பட்ட கல்லீரல் நோய்களிலும் முதல் நொதி தளர்கிறதா என்பதைத் திசுவிலேயே அளந்து, அப்படித் தளர்ந்தவர்களை மட்டும் தேர்ந்து, அசிட்டைல்சிஸ்டீனோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு, மாதக்கணக்கில் கொடுத்துப் பார்க்கலாம். தயாரிப்பவர்களோடு தொடர்பில்லாத கைகள் அதை நடத்த வேண்டும். அளக்க வேண்டியவை லிம்ஃபோசைட்டின் குளூட்டாதயோன் மட்டுமல்ல. ரத்தத்தின் அமிலத்தன்மையும் சிறுநீரின் 5-ஆக்சோபுரோலினும், நோயாளியால் முன்பைவிட நன்றாக நடக்கவும் மூச்சுவிடவும் முடிகிறதா என்பதும் கூட. புற்றுநோய் உள்ளவர்களை அத்தகைய சோதனையில் சேர்க்கக் கூடாது என்பதை எலிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன.